ஆர்எக்ஸ் 100, கேஸ்ட் அயர்ன் புல்லட், ரோட்கிங்: ஆறு மாசம் சும்மா நிக்கப் போற வண்டிக்கு எது சரி?

எங்க சித்தப்பா பையன் கப்பல்ல வேல பாக்கான். ஆறு மாசம் கடல்ல, மிச்சம் ஊர்ல. இந்தத் தடவ லீவுல வந்தவன் பெட்டியக்கூட பிரிக்கல, "அண்ணே, ஒரு பழைய வண்டி எடுக்கணும், நம்மளே கழட்டி நம்மளே பூட்டணும், கூட நிப்பீங்களா"ன்னு கேட்டான். நிக்காம? ஞாயித்துக்கெழம எனக்கு வேற என்ன சோலி.

அவன் போன்ல ஏற்கனவே மூணு வண்டி போட்டோ இருந்துச்சு. தக்கலப் பக்கம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100, குளச்சல்ல ஒரு கேஸ்ட் அயர்ன் புல்லட் 350 (வார்ப்பிரும்பு சிலிண்டர் வச்ச பழைய புல்லட்), குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு யெஸ்டி ரோட்கிங். ரெண்டு ஞாயிறு எடுத்து மூணையும் போய்ப் பாத்தோம். முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு ஒரு சாய்வு உண்டு, நான் 15 வருசமா ரோட்கிங் வச்சிருக்கவன், ரெட்டச் சைலன்சர் சத்தம் ரோட்டுல கேட்டா சாயா கிளாச வச்சுட்டு எந்திச்சுப் பாக்குற ஆளு, அதனால அந்த வண்டியப் பத்தி நான் சொல்றத கொஞ்சம் கழிச்சே எடுத்துக்கிடுங்க.

இந்த மூணையும் ஒப்பிட்டுப் பேசுறவங்க எல்லாம் பிக்கப், மைலேஜ், சத்தம்னு தான் ஆரம்பிப்பாங்க. எங்க ஊருக்கு அது ரெண்டாவது. கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மல, ஜூன்ல ஆரம்பிக்கிற மழையும் உண்டு, அக்டோபர்ல வர்ற மழையும் உண்டு, ரெண்டுக்கும் நடுவுல வண்டி காயவே காயாது. இதுல இவன் வண்டி வருசத்துல பாதி நாள் ஓடவே போறதில்ல. அப்போ கேக்க வேண்டிய கேள்வியே வேற: உப்புக் காத்துல ஆறு மாசம் தொடாம நின்னா எது தாங்கும்?

மொதல்ல தக்கல. ஆர்எக்ஸ பத்தி சொல்லித் தரணுமா, 1985ல வந்து 1996ல நின்னு போன வண்டி, 98 சிசி, 11 குதிரத் திறன், ஆளு நூறு கிலோ பக்கம் தான் இருப்பான், அந்த எடைக்கு அந்த இழுப்பு, அதான் இன்னும் காலேஜ் பசங்க இதுக்காகச் சாகுறானுவ. போட்டோல பாத்தத விட நேர்ல சூப்பரா இருந்துச்சு. கருப்புப் பெயின்ட் பளபளன்னு, ரெண்டாவது ஒதையில ஸ்டார்ட்டு, ஐடில்ல நின்னு டிங்டிங்னு அடிக்கு. தம்பி மொகத்துல அப்பவே தெரிஞ்சு போச்சு, இவன் மனசுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துட்டான்னு. கேட்ட வெல 1,35,000.

ஒரு ரவுண்டு ஓட்டினேன். ரெண்டாவது கியர்லயே கைய இழுத்துட்டுப் போகுது. நல்லா இருக்குன்னு சந்தோசப்படத் தான் செய்யணும், ஆனா எனக்குச் சந்தேகம் வந்துச்சு, 98 சிசிக்கு இது கொஞ்சம் ஓவரு. வித்தவர் நல்ல மனுசன், ஹெட்ட கழட்டிப் பாக்கலாமான்னு கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல. நாலு நட்டு தான. வெர்னியர் அளவுகோல் வச்சுப் பாத்தா போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், 58.5 எம்.எம். வருது. ஆர்எக்ஸ் 100க்கு போர் 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்) 50. ஆர்எக்ஸ் 135க்கு தான் போர் 58. அப்போ இது 135ஓட சிலிண்டர் பிளாக்கு, அதுவும் ஏற்கனவே அரை எம்.எம். குடைஞ்சு பெருசாக்கி ரீபோர் அடிச்சது. அவருக்கே தெரியாது, அவர் வாங்கும்போதே அப்படித் தான் இருந்திருக்கு, "எனக்கு இத யாரும் சொல்லலயே"ன்னு நின்னாரு, பாவமா இருந்துச்சு.

ஓட்டுறதுக்கு இது நல்லது தானன்னு தம்பி கேட்டான். ஓட்ட நல்லது தான் மக்கா, ஆனா ஆர்.சி.ல 98 சிசின்னு இருக்கு, வண்டில 132 இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுல கம்பெனி குடுத்ததுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு தெளிவா இருக்கு, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்டுன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல தேடுறது இந்த மாதிரி ஓட்டையத் தான். இன்னொண்ணு, சேஸிஸ் நம்பர் மேல பெயின்ட் கொஞ்சம் தடிமனா இருந்துச்சு. நான் சொறிஞ்சு பாக்கல. சொறிஞ்சு பாக்கணும்னு தோணுற வண்டிக்கு 1,35,000 குடுக்கறதா.

சரி, அந்த ஒரு வண்டி தான் அப்படின்னு வச்சுக்கிடுவோம், நல்ல ஆர்எக்ஸ் ஒண்ணு கெடச்சா? அப்பவும் இவனுக்கு நான் ரெண்டு தடவ யோசிப்பேன். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல கிராங்க் (பிஸ்டன் ஏறி எறங்குறத சுத்தா மாத்துற தண்டு) பேரிங்குக்கு ஆயில் பெட்ரோலோட சேந்து தான் போகுது, எஞ்சின் நின்னா கொஞ்ச நாள்ல அந்த ஆயில் வழிஞ்சு போயிரும், மெலிசா ஒரு படலம் தான் மிச்சம். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், எங்க ஊரு காத்துல ஈரத்துக்கா பஞ்சம். ஆறு மாசம் டாங்க்ல அப்படியே கெடந்தா தண்ணி தனியா அடியில எறங்கும், கார்ப்ரேட்டர் கிண்ணத்துல பச்சையா பூக்கும், பழைய ரப்பர் டியூப் ஊறி கொழகொழன்னு ஆவும், கிராங்க் பேரிங்ல துருப் புள்ளி விழும். ஒதைச்சா ஸ்டார்ட் ஆகும், ஆயிட்டு ஒரு மாசத்துல கடகடன்னு சத்தம் வரும், அப்புறம் எஞ்சின் எறக்கி கிராங்க பிரஸ்ல போட்டுப் பிரிச்சு ராடு, பின், பேரிங் எல்லாம் மாத்தி டயல் வச்சு நேர் பாக்கணும். ஆர்எக்ஸ்லயும் ரோட்கிங்லயும் இது ஒரே கத தான், என் வண்டில ரெண்டு தடவ பட்டிருக்கேன்.

ஆர்எக்ஸுக்கு ஒரு பிளஸ் சொல்லணும், பேட்டரி செத்துக் கெடந்தாலும் மேக்னட்ல ஸ்டார்ட் ஆயிரும். ஒரு மைனஸும் சொல்லணும், ஸ்பேர் ஏராளமா கெடைக்கும், அதுல ஒரிஜினல் எது டூப்ளிகேட் எதுன்னு கண்டுபிடிக்கத் தனி ஞானம் வேணும். மார்த்தாண்டத்துல நாங்க போற மெக்கானிக் ஆசான் பிஸ்டன டப்பால இருந்து எடுத்து கையில எட பாத்துட்டு "இது தகரம்லே, கொண்டு போய்க் குடு"ம்பாரு. டப்பா மேல அச்சு அசலா கம்பெனி பேரு இருக்கும்.

குலசேகரத்துக்கு வாரேன். புல்லட்ட கடைசில வைக்கேன், அதுல பேச நெறைய இருக்கு.

ரோட்கிங்க பாத்த உடனே எனக்கு வாய் கட்டிப் போச்சு. மைசூர் ஐடியல் ஜாவா பண்ணின வண்டி, கம்பெனிய 1996ல மூடிட்டாங்க, இது 1986 மாடல். நின்ன எடம் தான் விசேசம். ரப்பர் ஷீட்டுக்கு புகை போடுற புரைய ஒட்டி ஒரு சாய்ப்பு, அதுக்குள்ள பல வருசமா கெடக்கு. கடல்ல இருந்து தூரம், உப்பு இல்ல. புகைக் கரி வண்டி மேல பிசுபிசுன்னு ஒரு கோட்டு மாதிரி படிஞ்சிருக்கு, துணில டீசல் தொட்டுத் தொடச்சா அடியில கம்பெனி மெரூன் பெயின்ட்டு அப்படியே! மட்கார்டு ஓரம்கூட தின்னல. ஆனா வலது பக்கம் மட்டும் க்ரோம் எல்லாம் பொரிஞ்சு உரிஞ்சு கெடந்துச்சு, ஏன்னு கொஞ்ச நேரம் பிடிபடல, அப்புறம் பாத்தா அந்தப் பக்கம் தான் ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் கேன அடுக்கி வச்சிருந்திருக்காவ. ஆவியே போதும் க்ரோம காலி பண்ண. எங்க மாவட்டத்துல வண்டிக்கு உப்பு மட்டும் எதிரி இல்ல பாத்துக்கிடுங்க.

பிஸ்டன் பிடிச்சுக் கெடக்கு, கிக்கர் எறங்கல. ரோட்கிங்ல கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பி தான், உள்ள அமுக்கி மேல தூக்கினா கிக்கர், எறக்கினா கியர், புதுசா பாக்குறவனுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். பிஸ்டன் பிடிச்சது எனக்குப் பயமே இல்ல, பிளக் ஓட்டையில டீசலும் ஆயிலும் ஊத்தி ஒரு வாரம் விட்டா விட்டுக் குடுக்கும், இல்லன்னா ரீபோர். போர் எல்லையத் தாண்டிட்டா சிலிண்டருக்குள்ள புதுக் குழாய் மாதிரி ஸ்லீவ் அடிச்சுக்கலாம். பயம் வேற எடத்துல. கிளட்ச் பக்கம் இருக்க கிராங்க் சீல் போச்சுன்னா கியர் ஆயில எஞ்சினே உறிஞ்சிக் குடிக்கும், பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குப் பொக. அந்தப் பக்கத்த எறக்கி ஏத்தத் தெரிஞ்ச கை இப்போ மாவட்டத்துல ரொம்பக் கொறவு. ஸ்பேருக்கு மைசூர், சென்னை புதுப்பேட்டன்னு ஆள் சொல்லி வச்சுக் காத்திருக்கணும். 2018ல ஜாவாவும் 2022ல யெஸ்டியும் திரும்ப வந்துச்சே, அதுல இருந்து எடுக்கலாமேன்னு கேப்பாங்க, பேரு மட்டும் தான் அது, உள்ள தண்ணில கூல் ஆகுற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரு நட்டுகூட இதுக்குச் சேராது.

இதெல்லாம்கூட பரவால்ல, நான் கூட நிக்கேன்ல. வண்டிய விட்டுட்டு வரவச்சது பேப்பர். கேரளா நம்பர். ஆர்.சி.ல இருக்கவர் எப்பவோ கல்ஃபுக்குப் போனவர், அவர்கிட்ட இருந்து ஒருத்தர், அவர்கிட்ட இருந்து இன்னொருத்தர், கடைசியா இவிய கைக்கு வந்திருக்கு, நடுவுல யாருமே பேர் மாத்தல. பேர் மாத்துற பழைய 29, 30 ஃபார்ம்ல ஒரு கையெழுத்து மட்டும் மஞ்சப் பேப்பர்ல இருக்கு. கேரளால இருந்து என்.ஓ.சி. (வண்டிய வேற ஸ்டேட்டுக்கு மாத்த ஆட்சேபணை இல்லைங்கிற சான்று) எடுக்கணும்னா 28ஆம் நம்பர் ஃபார்ம், அதுல ஆர்.சி. ஓனர் கையெழுத்து வேணும், ஆள எங்க போய்த் தேட. களியக்காவிளைய தாண்டினா கேரளா, பஸ்ல அர மணி நேரம் தான், ஆனா பேப்பருக்கு அது வெளிநாடு. 40,000 சொன்னாவ. பேப்பர் இருந்திருந்தா நானே 60 குடுத்திருப்பேன். ஐம்பது வருசம் ஆன வண்டிக்கு 2021ல இருந்து விண்டேஜ்னு தனி ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு, 20,000 ரூபா கட்டி வி.ஏ. சீரிஸ்ல நம்பர் வாங்கலாம், ஆனா 1986 வண்டி 2036 வர காத்திருக்கணும், அதுவும் அத தெனம் ஓட்டிட்டுத் திரிய முடியாது.

சரி, புல்லட்.

குளச்சல்ல பீச்சுல இருந்து ரெண்டு தெரு தள்ளி வீடு. வண்டி வராந்தாவுல, தார்ப்பாய் மூடி. தார்ப்பாய் மூடினது தான் மொதத் தப்பு, உள்ள போன உப்பு ஈரம் வெளிய போக வழியில்ல. தெறந்து பாத்தா தம்பி ரெண்டு எட்டு பின்னாடி போயிட்டான். ரிம்மு ரெண்டும் பப்படம், ஸ்போக்குல பாதி கையில ஒடியுது, முன் மட்கார்டு அடியில பாத்தா வானம் தெரியுது, சைலன்சர்ல விரல் விட்டா போகுது. 1741ல டச்சுக்காரனையே முட்டி போட வச்ச கடற்கரை, புல்லட் க்ரோம் எம்மாத்திரம்.

ஆனா நான் பாத்தது வேற. ஒரு சின்னச் சுத்தி கொண்டு போயிருந்தேன், சேஸிஸ எல்லா எடத்துலயும் தட்டிப் பாத்தேன், நெத்திப் பைப்பு, சீட்டுக்கு அடியில, பின் சக்கரம் மாட்டுற எடம், பேட்டரிப் பெட்டிக்குப் பின்னாடி. நல்ல இரும்பு கணீர்னு பேசும், தின்ன இரும்பு பொத்துன்னு பேசும். ஒரே ஒரு எடத்துல, பேட்டரி ஆசிட் வழிஞ்ச எடத்துல, லேசா பொத்து. மத்ததெல்லாம் கணீர். அந்த வண்டில தின்னு போனது எல்லாமே நட்டக் கழட்டி வேற மாட்டக் கூடிய சாமான். 1955ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சு 2010 வாக்குல கேஸ்ட் அயர்ன நிறுத்துற வர அடிப்படையில அதே 346 சிசி எஞ்சின், 70 போர், 90 ஸ்ட்ரோக், அதனால மட்கார்டுல இருந்து டேப்பட் வர இன்னைக்கும் புதுசா அடிச்சு விக்கிறாங்க. ரோட்கிங்ல இரும்பு நல்லது, சாமான் இல்ல. இங்க மேல் இரும்பு போச்சு, ஆனா போன அத்தனைக்கும் கடையில சாமான் இருக்கு.

எஞ்சினுக்கு வாரேன். சிலிண்டர் காத்த வெளிய விடுற டீகம்ப்ரஷன் லிவர அமுக்கிட்டுக் கிக்கர எறக்கினா எறங்குச்சு, பிஸ்டன் பிடிக்கல. ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க பாத்தா ஆயில் இல்ல, தம்பி பயந்துட்டான். எனக்குச் சந்தோசம். இந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஆயில் தொட்டி கிராங்க்கேஸோடயே ஒட்டித் தனி அறையா இருக்கும், வண்டி நாள்கணக்குல நின்னா ஆயில் பம்ப் வழியா கசிஞ்சு கிராங்க் இருக்க அறைக்குள்ள எறங்கிரும். வெட் சம்பிங்னு சொல்லுவாங்க. ஸ்டார்ட் பண்ணும்போது ஊரே கூடுற மாதிரி பொக வரும், புல்லட்காரங்க எல்லாரும் திட்டுற வியாதி. ஆனா யோசிச்சுப் பாருங்க, இத்தன வருசமும் இந்தக் கிராங்கு ஆயில்ல ஊறிட்டுக் கெடந்திருக்கு. டூ ஸ்ட்ரோக்ல எது துருப்பிடிச்சுச் சாகுமோ அது இதுல ஊறுகா மாதிரி பத்திரமா இருக்கு. கப்பல்காரனுக்கு இந்த ஒரு வியாதி வரமாப் போச்சு.

ஆறு மாசம் நிறுத்துறதுக்கும் புல்லட்டுல வழி இருக்கு. பிளக் ஓட்டையில ரெண்டு ஸ்பூன் ஆயில் ஊத்தி, பிஸ்டன கம்ப்ரஷன்ல மேல கொண்டு வந்து நிறுத்தினா ரெண்டு வால்வும் மூடிக்கும், ஈரக் காத்து உள்ள போகாது. டாங்க்ல பெட்ரோல மொத்தமா எறக்கி, உள்ள ஆயில் சுத்தி விட்டு, கார்ப்ரேட்டர் கிண்ணத்த காலி பண்ணி, பேட்டரி வயர கழட்டிட்டா முடிஞ்சுது. திரும்ப வந்ததும் கிராங்க்கேஸ் அடி நட்டத் தெறந்து எறங்கின ஆயில வடிச்சு, மேல அளவுக்கு ஊத்தி, அப்புறம் ஒதைக்கணும். இத செய்யாம ஒதைச்சு, கிராங்க்ல ராடு சேர்ற பிக் எண்ட் புஷ்ஷ காலி பண்ணினவங்க உண்டு. புஷ்ஷுக்கு ஆயில் போய்ச் சேரலைன்னா அது மன்னிக்காது.

கொற இல்லையான்னா இருக்கு. கனம். 18 குதிரைய வச்சுக்கிட்டு மாத்தூர் ஏத்தத்துல ஆர்எக்ஸ்காரன் கைய ஆட்டிட்டுப் போவான். பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிறது பழைய பாயின்ட் இக்னிஷன், கடக்கரையில பாயின்ட் மொனையில பச்ச பூத்துரும், மாசம் ஒரு தடவ மெலிசா தேய்க்கணும், இவனுக்கு எலக்ட்ரானிக் மாத்திடலாம்னு தான் சொல்லியிருக்கேன், மூடிக்குள்ள இருக்க சமாச்சாரம், யாருக்கும் தெரியப் போறதில்ல. இது வலது கியரு, இடது பிரேக்கு, மொத கியர் மேல, மிச்சம் மூணும் கீழ. வேற வண்டி ஓட்டிப் பழகினவன் அவசரத்துல பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிப்பான், மொதல்ல ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல பழகணும். நம்ம ஊரு ரோட்டுல அப்படி ரோடு எங்க இருக்குன்னு கேக்காதீங்க.

பேப்பர் தான் முக்கியம். ஒரே ஓனர், இங்க நாகர்கோவில்லயே ரிஜிஸ்டர் பண்ணினது, ஓனர் தவறிட்டாரு, அவர் சம்சாரம் டீச்சரம்மா தான் இப்போ விக்கிறாங்க. 31ஆம் ஃபார்ம்ல வாரிசுன்னு மொதல்ல அவங்க பேருக்கு மாத்தணும், அப்புறம் 29, 30 போட்டு இவன் பேருக்கு. 15 வருசம் தாண்டினதால அஞ்சு வருசத்துக்கு ஒருக்க ஆர்.சி. ரினீவல், 2025 ஆகஸ்ட்ல இருந்து 20 வருசம் தாண்டின பைக்குக்கு அந்த ஃபீஸ் 2,000 ரூபா ஆயிட்டு, லேட்டானதுக்குத் தனி, வண்டிய நேர்ல காட்டணும், சேஸிஸ் நம்பர பென்சில் தேச்சுப் பிரிண்ட் எடுப்பாங்க. நாங்க அங்கயே பேப்பர் வச்சுத் தேச்சுப் பாத்தோம், ஒவ்வொரு எழுத்தும் வந்துச்சு. அலைச்சல் தான், ஆனா முடிவு தெரிஞ்ச அலைச்சல்.

62,000 கேட்டாங்க, 55க்கு முடிஞ்சுது. கொறச்சுப் பேச எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அவங்க வீட்டுக்காரர் வண்டியத் தொடச்ச துணிகூட சீட்டுக்கு அடியில மடிச்சு இருந்துச்சு. வேலைக்கு என் கணக்கு 75,000ல இருந்து 80,000, லேபர் நாங்க ரெண்டு பேரும், லேத் வேலையும் பெயின்ட்டும் மட்டும் வெளிய. ஆக மொத்தம் அந்த மாத்தின ஆர்எக்ஸ் வெல தான் ஆவுது, வெர்னியர் வச்சுச் சந்தேகப்பட வேண்டாம்.

இதுலயும் எங்களுக்குள்ள ஒரு சண்ட ஓடிட்டு இருக்கு. தம்பிக்கு ஷோரூம் கண்டிஷன் வேணும், க்ரோம் ரிம்மு, பவுடர் கோட்டிங், கோடு போட்ட டாங்க். நான் வேண்டாங்கேன். பவுடர் கோட்டிங் பாக்க நல்லா இருக்கும், கடக்கரையில ஒரு கல்லு பட்டுத் தெறிச்சா போச்சு, அந்த ஓட்ட வழியா உப்பு உள்ள போய் மேல தோல் பளபளன்னு இருக்க அடியில இரும்பத் தின்னுட்டு இருக்கும், ஒரு நாள் தோச மாதிரி உரியும் போது தான் தெரியும். எபாக்ஸி ப்ரைமர் அடிச்சு மேல சாதா பெயின்ட் அடிச்சா பட்ட எடத்த மட்டும் தொட்டுக்கலாம். ஸ்போக்கு ஸ்டெயின்லஸ் போட்டுரலாம்னு சொன்னேன், அதுக்கு ஆசான் கோபப்பட்டாரு, ஒரிஜினல் இல்லன்னு. ஆசான் வீடு மார்த்தாண்டம், அவருக்கு உப்பப் பத்தி என்ன தெரியும்.

உங்களுக்கு இதுல எது ஒத்து வரும்னு கேட்டா, தெனம் ஓட்டுற ஆளு, வீடு மலப் பக்கம், பேப்பரும் போரும் சரியா இருக்க ஆர்எக்ஸ் கையில கெடச்சா கண்ண மூடிட்டு எடுங்க, நான் புல்லட்ட சொல்ல மாட்டேன். கூட நிக்க பழைய கை ஒண்ணு இருந்து, நம்பரும் இங்கத்தது, உங்களுக்கும் அவசரம் இல்லன்னா ரோட்கிங். விட்டுட்டுப் போய் விட்டுட்டு வர்ற ஆளுக்கு, அதுவும் குளச்சல், முட்டம், மணக்குடின்னு கடல் சத்தம் கேக்குற வீட்டுல இருக்கவனுக்கு, புல்லட்ட விட்டா என்கிட்ட வேற பதில் இல்ல.

போன புதன் டாட்டா ஏஸ்ல ஏத்திட்டு வந்து எங்க வீட்டுச் சாய்ப்புல எறக்கியாச்சு. தார்ப்பாய தூக்கித் தூரப் போட்டேன். எஞ்சின இன்னும் தொடல, கண்ணுல பட்ட எல்லா நட்டுலயும் டீசலும் ஆயிலும் கலந்து பிரஷ்ல தடவி ஊற வச்சிருக்கோம், அவன் காலைலயும் ராத்திரியும் போய் ஒரு கோட்டு அடிச்சுட்டு வாரான், ஞாயித்துக்கெழம தான் மொத ஸ்பேனர் வைக்கணும். டீச்சரம்மா வீட்டுக்கு இன்னொரு தடவ போகணும், 31ஆம் ஃபார்ம்ல ஒரு கையெழுத்து விட்டுப் போச்சு.